படம் வந்ததா

வார நாட்களில் நான் ரெக்ஸமில்
மருந்துக் கடை ஒன்றின் பின்மூலையில்
கடவுச்சீட்டுப் படம் எடுக்கிறவள்.
முகவாயைக் கொஞ்சம் இறக்குங்கள்.
சிரிக்க வேண்டாம். நிழல் விழக் கூடாது.
தலை ஒரு விரற்கடை சாய்ந்தாலும்
அரசாங்கம் திருப்பி அனுப்பிவிடும்.

ஞாயிறு விடிந்தால்
சாய்ந்தவை மட்டுமே வேண்டும் எனக்கு.

பிளைனை ஃபெஸ்டினியோகுக்கு மேலே
கைவிட்ட சிலேட்டுக் குவாரி.
மலைமலையாய்ச் சில்லுகள், யாரும் எழுதாதவை.
மழை அவற்றை அழித்துக்கொண்டே இருக்கிறது.

டெலித் வருவாள், பச்சை லாண்ட்ரோவரில்.
இடது கதவு மட்டும் வேறு பச்சை.
வாரமெல்லாம் ஆடுகளுக்கு ஊசி போடுபவள்.
வண்டியோடும் அதே குரலில்தான் பேசுவாள்:
மெல்ல, மெல்ல, ஒன்றுமில்லை, இதோ முடிந்தது.

தொழில் ரகசியம் ஒன்று சொல்கிறேன்.
சரிவு படத்தில் விழாது.
நின்று பார்த்தால் அடிவயிறு கூசும் இறக்கம்
அச்சில் வந்ததும்
கார் நிறுத்துமிடம்போல் படுத்துக்கொள்ளும்.
அதனால் நாமும் படுக்க வேண்டும்.
சேற்றில் முழங்கை ஊன்றி,
டயரின் பற்களை எண்ணுகிற தூரத்தில்,
கேமராவைக் கொஞ்சம் சாய்த்து,
முழ ஆழக் குழியைப் பாதாளமாக்கி.
போன ஆண்டு சங்கத்தின் நாட்காட்டியில்
மார்ச் மாதத்துக்கு மேலே என் படம்:
அந்தரத்தில் முன்சக்கரம், கீழே வெறும் மேகம்.
எடுக்கும்போது எஞ்சின் ஓடவே இல்லை.
உள்ளே டெலித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.
அதைப் பார்த்துத்தான்
துணிச்சல்காரி என்றார்கள் என்னை.

இது அக்டோபர், மூன்றாம் ஞாயிறு.
கம்பு நட்டுக் குறித்த ஏழாம் இறக்கம்.
ஹியூ ஆரஞ்சு மேலாடையில், கழுத்தில் விசில்,
கையில் பாதி கடித்த ரொட்டி.
அங்கே படுக்காதே என்று சொல்லவில்லை;
அங்கேயா படுக்கப்போகிறாய் என்றான்.
இரண்டுக்கும் இடையில் உள்ள சந்தில்தான்
இத்தனை வருடமும் படுத்திருக்கிறேன்.

படுத்தேன். மேலே விளிம்பில்
வண்டி மூக்கை நீட்டியது.
லென்சில் ஒரு துளி.
ஒரே துளி, நட்டநடுவில்,
அதற்குள் டெலித் தலைகீழாய்.
துடைக்கும் துணி பைக்குள்.
பை பத்தடி தள்ளி, பாறையிடுக்கில்.
வைதுகொண்டே எழுந்து போனேன்,
மழையை, லென்சை,
பையை அங்கே வைத்தவளை.

ஆயிரம் தட்டுகளை
ஒரே தொட்டியில் கொட்டியதுபோல் ஓசை.
பிறகு விசில்.
பிறகு விசில் நின்றது.

வண்டி அடியில் நேராகவே நின்றது.
வலப்பக்கக் கண்ணாடி மடங்கியிருந்தது,
அவ்வளவுதான்.
ஹியூவின் ரொட்டி தரையில்.
வலது கதவு மண்ணில் முட்டித் திறக்கவில்லை;
வேறு பச்சைக் கதவு வழியே டெலித் இறங்கினாள்.
நான் இருந்த இடத்தைப் பார்த்தாள்.
நான் இருக்கும் இடத்தைப் பார்த்தாள்.
ஆட்டிடம் பேசும் குரலும் வரவில்லை அவளுக்கு.
கடைசியில்,
எப்போதும் கேட்பதையே கேட்டாள்:
படம் வந்ததா?

வந்தது.
துடைத்த லென்சோடு திரும்பிப் போய்
நின்றபடி எடுத்தேன்,
கடவுச்சீட்டுக்கு எடுப்பதுபோல், சாய்க்காமல்.
சேற்றில் ஒரு சிறு குழி, என் இடது முழங்கை.
வலது முழங்கை இருந்த இடத்தில்
பல் பல்லாய் டயர்த் தடம்.
குழியில் அதற்குள் தண்ணீர் ஊறியிருந்தது.

மறுநாள் கடைக்கு ஆறு மாதக் குழந்தை ஒன்று வந்தது.
வெள்ளைத் துணியில் கிடத்தி
மேலிருந்து எடுக்க வேண்டும், அதுதான் விதி.
நாலு முறை எடுத்தேன்.
நாலும் கலங்கல்.
குழந்தை அசையவில்லை என்றாள் தாய்.

நாட்காட்டிக் குழுவுக்கு
அந்த ஒரு படத்தைத்தான் அனுப்பினேன்.
திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
படம் தெளிவாக இருக்கிறது,
வண்டி எங்கே என்று கேட்டு.